காராச்சேவு டப்பாவுக்கு ஏ சான்றிதழ்

நான் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். பாளையங்கோட்டையில் கடை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் ஊருக்குள் போகும். மாப்பிள்ளையின் கழுத்துக் கருப்பை அழிப்பேன், செத்துப்போனவர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வைப்பேன். பதினெட்டு வருஷம் அடுத்தவன் முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவனுக்கு ஒரு நாள் தன் முகத்தையும் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசை வந்தது. அந்த ஆசைக்குக் கலை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு படம் எடுத்தேன். ஒரே ஒரு படம், பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் வாங்கிய படம். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் போனில் தேடுவீர்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது எந்தக் காட்சி என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், வேறு வழியில்லை.

மெஷின் ஓடும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும், மை எங்காவது அடைத்துக்கொள்ளும். அப்படி உட்கார்ந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் வெளிநாட்டுப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். அந்தப் படங்களில் புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் படுத்தால் படுத்தபடி காட்டுகிறார்கள். நம் படங்களில் இரண்டு பேர் கொஞ்சம் நெருங்கினால் போதும், கேமரா பூவைப் பார்க்கப் போய்விடுகிறது. எனக்கு ஆவேசம் வந்தது. தமிழ் சினிமாவைப் பூவிடமிருந்து காப்பாற்ற வேண்டியவன் நான்தான் என்று முடிவு கட்டினேன். ஒரு வார்த்தை சொல்லி யாராவது அடக்கியிருக்கலாம், யாரும் அடக்கவில்லை.

கதை சாதாரணக் கதை. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஒருவன், அவன் மனைவி. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். பேச்சு நின்றுபோன வீடு. உடம்பு முதலில் சமாதானமாகிறது, பேச்சு பிறகு வருகிறது. ஐந்து படுக்கையறைக் காட்சிகள். ஒன்றில்கூடப் பூ கிடையாது.

எழுதி முடித்ததும் என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறரைக்கு ஊசியைக் கையில் எடுத்தால் மதியம் வரை நின்றபடி வேலை. பாளையங்கோட்டையில் பாதிப் பேர் அவளிடம் கையை நீட்டியவர்கள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள். ஓரிடத்திலும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள். "புருஷன் பொண்டாட்டி ஒண்ணாப் படுக்கது உலகத்துக்கே தெரிஞ்சது. என்னத்த வேணாலும் எடுங்க. நம்ம வீட்ட மட்டும் அதுக்குள்ள இழுத்துராதீங்க."

"சேச்சே, இது முழுக்கக் கற்பனை," என்றேன். அன்றைக்கு அது உண்மை.

பணம் போட்டவர் முக்கூடலில் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஆலைத் திறப்பு விழாவுக்கு நான் அடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸில் பத்து வயது குறைந்து தெரிந்ததால் என் திறமை மேல் அவருக்கு அபார நம்பிக்கை. கதை சொல்லும்போது படுக்கையறைப் பக்கம் வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. ஆலைச் சத்தத்தில் மிச்சமும் அடிபட்டுப் போயிற்று. குடும்பக் கதை என்பது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. விஷயம் அவருக்குத் தெரிந்தது படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டோடு வந்து இறங்கியபோதுதான்.

"குடும்பக் கதைன்னு சொன்னீரே வே," என்றார்.

"இதுவும் குடும்பத்துலதான அண்ணாச்சி நடக்கு."

லட்டுப் பெட்டியைக் கீழே வைத்தார். "நடக்கத்தான் செய்யுது," என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தபடியே தயாரிப்பாளராக இருந்தார். அந்த நேர்மையில் பாதி எனக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

வீடு பாபநாசத்தில், மலையடிவாரத்தில், வாடகைக்குப் பிடித்த பழைய ஓட்டு வீடு. உள்ளறையில் நடிகர், நடிகை, கேமராமேன், நான். நான்கு பேரில் அதிகம் கூச்சப்பட்டது சட்டையெல்லாம் போட்டிருந்த நான்தான். காகிதத்தில் "இணைகிறார்கள்" என்று ஒரே சொல்லில் எழுதி வைத்திருந்தேன். நடிகை சென்னையில் நாடகம் போடுகிறவர், தொழிலில் கெட்டி. காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இணைகிறார்கள்னா என்ன சார், ரயில் பெட்டியா? யார் கை எங்க போகுது, யார் முதல்ல திரும்புறாங்க, அதைச் சொல்லுங்க."

வாயால் சொல்ல வரவில்லை. ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக் காட்டினேன். கேமராமேன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். கடைசியில் அந்த அம்மாவே நடிகரோடு உட்கார்ந்து எது சம்மதம், எது சம்மதமில்லை என்று வரிசையாகப் பேசி எழுதி, உடுப்போடு நாலு தடவை ஒத்திகை பார்த்து, ஐந்து காட்சிகளையும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். நான் கட் சொன்னேன். அதையும் இரண்டு தடவை மறந்துவிட்டேன்.

கடைசிக் காட்சி எடுக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு நடிகை கேட்டார்.

"முடிஞ்சதும் இவ என்ன பண்ணுவா சார்?"

"தூங்குவா."

"அது ஆம்பளை. நான் இவளைக் கேக்கறேன்."

பாபநாசத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கிவிடும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இயக்குநர் பதில் தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அவளுக்குப் பசிக்கும். புருஷனப் போய்க் காராச்சேவு எடுத்துட்டு வரச் சொல்லுவா. அவ எந்திரிக்க மாட்டா."

இது எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எங்கள் மகள் ஓவிய வகுப்புக்குப் போவாள். அந்த இரண்டு மணி நேரம் எங்களுடையது. எல்லாம் ஆன பிறகு என் மனைவிக்குப் பசி வந்துவிடும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொல்லுவாள். "எனக்குப் பசிக்கி. நீங்க போயி எடுத்துட்டு வாங்க. நான் எந்திரிக்க மாட்டேன்." நான் கைலியைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பேன். படுத்தபடியே தின்பாள், துணுக்கெல்லாம் கழுத்தில் விழும், அதைப் பொறுக்கி என் வாயில் போடுவாள். வாரம் முழுக்க நின்றுகொண்டே இருப்பவள், ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அடுத்தவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பவள், படுத்துக்கொண்டு ஒருத்தரை வேலை ஏவுவது அந்த ஒரு நேரம்தான். அதை நான் பாபநாசத்தில் நாலு பேர் நடுவே தூக்கிப் போட்டேன்.

நடிகை என்னையே பார்த்தார். "இது யோசிச்சு எழுதினது இல்ல. யாரோ சொன்னது. வீட்ல அக்காகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு," என்றேன்.

போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பாபநாசத்தில் டவர் நன்றாகவே கிடைக்கும்.

டப்பாவும் கையோடு இருந்தது. கிளம்பும்போது "வெறுங்கையோட போவாதீங்க, வேல செய்யுதவங்களுக்குக் கொடுங்க," என்று என் மனைவியே காராச்சேவை நிறைத்துக் கொடுத்தனுப்பியது. எவர்சில்வர் டப்பா, மூடியில் ஒரு நெளிசல். அதையே காட்சியில் வைத்தேன். நடிகை சென்னைத் தமிழில் "பசிக்குது" என்றார். "பசிக்குது இல்லம்மா, பசிக்கி" என்று திருத்தினேன். "மாட்டேன்" என்பதை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். அந்தப் படம் முழுக்க நான் உருப்படியாக இயக்கியது அந்த ஒரு இடம்தான். ஒரே டேக்கில் முடிந்தது. கேமராமேன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தணிக்கையில் படத்தை வெட்டு வெட்டு என்று வெட்டினார்கள். முதுகு போயிற்று, தொடை போயிற்று, ஒரு நீண்ட மூச்சுச் சத்தமும் போயிற்று. காராச்சேவுக் காட்சியில் கழுத்து வரை போர்வை இருந்ததால் அதைத் தொடவே இல்லை. கலை செத்துவிட்டது என்று அண்ணாச்சியிடம் புலம்பினேன். இப்போது நினைத்தால் வேறு மாதிரி தெரிகிறது. அவர்கள் வெட்டியது எல்லாம் நடிகர்களுடையது, கேட்டு வாங்கியது. என் மனைவியுடையது மட்டும் முழுசாகத் தப்பித்து வந்தது.

அடுத்தது விளம்பரம். மதுரையிலிருந்து வந்த விநியோகஸ்தர் படத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார். "மிச்சம் இருக்கிறதே இந்த ஒரு சீன்தான். இதைப் போஸ்டரா அடிங்க. அந்தப் பொண்ணைப் பெருசாப் போட்டு, அந்த வசனத்தை மேல போடுங்க."

நான் எகிறினேன். பெண்ணின் உடம்பை வைத்து விற்க மாட்டேன், என் பிணத்தைத் தாண்டித்தான் என்றெல்லாம் பேசினேன். ஒரு மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஜெயித்தேன். போஸ்டரில் பெண் கிடையாது. கசங்கிய விரிப்பு, வளையல் போட்ட ஒரு கை, திறந்த டப்பா, பக்கத்தில் கவிழ்த்து வைத்த மூடி. மேலே அந்த வசனம். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போஸ்டரை என் கடையில், என் மெஷினில், நானே அடித்தேன். படத்தில் மூடி கொஞ்சம் மங்கலாக இருந்தது. மங்கலாக விட்டால் தொழில்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? பெரிதாக்கி, கூர்மையாக்கி, வெளிச்சத்தை ஏற்றினேன். நெளிசல் பளிச்சென்று வந்தது. நெளிசலுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த இரண்டு எழுத்தும் பளிச்சென்று வந்தன.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் கொடுத்தால் பேர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். விசேஷ வீட்டில் நாலு வீட்டுப் பாத்திரம் கலந்துவிடும் என்று பாத்திரக் கடையிலேயே வெட்டி வாங்குவார்கள். முதல் எழுத்து அப்பா பேருக்கு, அடுத்தது பெண் பேருக்கு. அந்த மூடியில் இருந்தது என் மாமனாரும் என் மனைவியும். பதினாறு வருஷமாக அந்த டப்பாவைத் திறந்து மூடியவன் நான். அந்த எழுத்து எனக்கு எழுத்தாகவே படவில்லை, டப்பாவின் ஒரு பாகமாகப் போய்விட்டிருந்தது. அடுத்தவன் வீட்டு ஃப்ளெக்ஸில் ஒரு எழுத்தின் கொம்பு விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண் இது.

படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால் என் மனைவியின் தம்பி கடைக்கு வந்தான். கை நிறைய போட்டோ.

"அத்தான், நம்ம சார்புல ஒண்ணு வைக்கணும்லா. தியேட்டர் வாசல்லயே எடம் பிடிச்சாச்சு."

"படம் என்ன மாதிரின்னு தெரியும்லா?" என்று பையக் கேட்டேன்.

"என்ன மாதிரி இருந்தா என்னத்தான், நம்ம அத்தான் எடுத்த படம்," என்றான்.

சொந்தக்காரன் ஒருவன் எதைச் சாதித்தாலும் குடும்பமே வரிசையாக நின்று சிரிக்கிற ஃப்ளெக்ஸ் இல்லாமல் எங்கள் ஊரில் அது சாதனையாகாது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவன் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று எவ்வளவு நாள் ஏங்கியிருப்பேன். நடுவில் என் முகம். சுற்றிலும் மாமனார், மாமியார், மச்சினன், அவன் பிள்ளைகள். எனக்கு அடுத்தபடி பெரிய வட்டத்தில் என் மனைவி, கீழே அவள் அப்பா எழுத்தோடு முழுப் பேர். பிழை பார்க்கச் சொன்னான். என் தாடைச் சதையைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, சரி என்றேன்.

முதல் காட்சி காலை பதினோரு மணிக்கு, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு தியேட்டர். என் மனைவி லீவு போட்டுவிட்டுப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் போஸ்டரும் மச்சினனின் ஃப்ளெக்ஸும் ஒட்டி ஒட்டி நின்றன. கூட்டத்தில் அவள் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், என் தாடை நன்றாக வந்திருந்தது.

உள்ளே பெரும்பாலும் ஆண்கள். வெட்டுப்பட்ட காட்சிகள் வரும்போது ஏமாந்த விசில் அடித்தார்கள். என் மனைவி அமைதியாகப் பார்த்தாள், ஓரிடத்தில் "நல்லா எடுத்திருக்கீங்க" என்று காதோரம் சொன்னாள். பிறகு அந்தக் காட்சி வந்தது. திரையில் ஒரு பெண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, அவள் குரலில், அவள் இழுப்பில், "எனக்குப் பசிக்கி" என்றாள். தியேட்டரே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிடித்துப்போய்ச் சிரித்த சிரிப்பு. நான் பக்கவாட்டில் திரும்பினேன், அவளும் சிரிப்பாள் என்று. கைப்பிடியில் என் கையோடு உரசிக்கொண்டிருந்த அவள் கை மடிக்குப் போயிருந்தது.

படம் முடிந்து வாசலுக்கு வந்தோம். படம் பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மச்சினன்தான் வாயைத் திறந்தான், அவன் மனசில் கள்ளம் கிடையாது.

"எக்கா, போஸ்டர்ல பாத்தியா? நம்ம அப்பா பேரு வெட்டிக் குடுத்த டப்பால்லா அது. எம்புட்டுப் பெருசாத் தெரியுதுன்னு பாரு."

எல்லாரும் போஸ்டரைப் பார்த்தார்கள். மூடியில் இருந்த இரண்டு எழுத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஃப்ளெக்ஸில் அவள் படத்தையும் பேரையும் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். மாமனார் செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார், செருப்பு காலில்தான் இருந்தது. முக்கூடல் அண்ணாச்சி ஒரு நிமிஷம் நின்றார், பிறகு திரும்பி டிக்கெட் கவுண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

ஸ்கூட்டர் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது சொன்னாள்.

"இழுத்துராதீங்கன்னு சொன்னேன்."

"ஒரே ஒரு வரிதான..."

"மத்ததெல்லாம் ஊரு உலகத்துல எல்லாரும் செய்யதுதான். அந்த ஒண்ணுதான் என்னுது."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஒரு கலைஞன் தன் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது, அதில் ஒரு உண்மை இருக்கிறது என்று பாலம் நெடுகப் பேசினேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.

அன்றைக்கே போய் போஸ்டரையும் ஃப்ளெக்ஸையும் அவிழ்த்துவிட்டேன். ஆனால் அதற்குள் வாசலில் நின்று போட்டோ எடுத்தவர்கள் அதை ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். ரத்தம் கொடுக்க வந்த ஒருவன் கையை நீட்டிக்கொண்டு, "பசிக்கா சிஸ்டர், எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டானாம்.

"நீ என்ன செஞ்ச?"

"ரத்தம் எடுத்தேன். ஒரே குத்துல."

"கை நடுங்கலயா?"

"நடுங்குனா அவனுக்குல்லா வலிக்கும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அவன் யாருன்னு சொல்லு," என்று எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டியதாகக்கூட ஞாபகம்.

"எவன? நாலு பேரு கேட்டாச்சு," என்றாள். "கேட்டவன் சினிமால பாத்ததக் கேக்கான். அவன் என்ன செய்வான்?" நான் வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

படம் தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. பிறகு போனில் பார்க்கிற தளம் ஒன்றில் ஏறி, அந்தக் காட்சி மட்டும் தனியாகக் கிளம்பிப் போய்விட்டது. வெளிநாட்டு விழா ஒன்றில் அந்த வசனத்தைப் பாராட்டி எழுதினார்கள். இப்படி ஒரு வரி எப்படித் தோன்றியது என்று ஒரு பேட்டியில் கேட்டபோது, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "அதுவா வந்துச்சு," என்றேன். அந்த வீடியோவை என்னால் இப்போது முழுசாகப் பார்க்க முடியவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. சுருக்கமாகவும் கேட்டேன், அழுதும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "சரி" என்றாள். கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகவில்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் துணி துவைத்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. மகளை வகுப்பில் விட்டுவிட்டு வந்தேன். துணி ஊறப்போட்டிருக்கவில்லை. அவளாகத்தான் வந்தாள். எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே தெருவில் யாரோ ஒருவன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான்.

"பசிக்கலயா?" என்று நானே கேட்டேன்.

"இல்ல."

கேட்காமலே போய் எடுத்துவந்தேன். அந்த எவர்சில்வர் டப்பாவை அவள் எப்போதோ பரணில் ஏற்றிவிட்டிருந்தாள், காராச்சேவு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. திறந்து நீட்டினேன்.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

அப்போது அவள் வயிறு இரைந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் எழுந்தாள். சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையை முடிந்துகொண்டு, பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பினாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்து காராச்சேவைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.